படகு குண்டாயிடுது

டெஸ்டிங் பட்டியலின் ஏழாவது வரியை எழுதியது யார் என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். ‘விளையாட்டை ஓடவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகவும். இருபது நிமிடம் கழித்து வந்து பார்க்கவும்.’ இதுதானே? கண்ணுக்கு ஓய்வு தருவதற்காக எழுதியது என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். இன்னொருவர், டீக்கடைக்குப் போக யாரோ கெட்டிக்காரர் வழி பண்ணி வைத்திருக்கிறார் என்றாராம். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கிவிட்டது.

அந்த வரியை எழுதியவள் நான்தான். பெயர் ஸ்டெல்லா. நம் அலுவலக விளையாட்டுகளில் பொருட்கள் விழுவது, மோதுவது, உருள்வது, மிதப்பது எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதும் வேலையைப் பல வருடம் பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. செம்பாக்கத்தில் காலையில் ஏரிப் பக்கம் நடக்கிறேன், மத்தியானம் தூங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறேன். ஒரு குறையும் இல்லை. புதிதாகச் சேர்ந்த உங்கள் நான்கு பேருக்கும் மேட்ரிக்ஸ் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்கிறீர்கள். பெருக்குவது எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மேட்ரிக்ஸில் நான் பண்ணிய தப்பையும், அதைவிடப் பெரிதாக வாயால் பண்ணிய தப்பையும் சொல்கிறேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த யாரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

அப்போது நாங்கள் ஒரு படகு விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். ஒரு சின்ன ஃபைபர் படகு. கரையில் உடைகிற அலையைத் தாண்டிக் கடலுக்குள் போக வேண்டும், நங்கூரம் போட்டு மீன் பிடிக்க வேண்டும், கவிழாமல் திரும்பி வர வேண்டும். படகு நிஜமாக ஆட வேண்டும் என்று எங்கள் முதலாளிக்கு ஒரே ஆசை. ஒரு காலையில் எங்கள் ஐந்து பேரை வண்டியில் ஏற்றிக் கோவளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் மணலில் நின்று நோட்டுப் புத்தகத்தில் கோணம் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா மேடம், படகுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா? அளவெடுத்துகினே கீறீங்க?”

“போன்ல விளையாடற கேமுக்குண்ணா. படகு எப்படி ஆடுதுன்னு பாக்கறோம்.”

“அப்ப ஒண்ணு எழுதிக்கோங்க. படகு ஓடிகினு கீறப்ப அவ்ளோ ஆடாது. மிசினை நிறுத்திட்டு சும்மா நிக்குது பாரு, அப்பதான் பேஜாரு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி எடுத்துரும். புதுசா வர்றவன் அங்கதான் வாந்தி எடுப்பான்.”

இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டேன். திரும்பி வந்து அதை அப்படியே கணக்கிலும் சேர்த்தேன். நங்கூரம் போட்ட படகு என் விளையாட்டில் நன்றாகவே உருண்டது. அதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி அந்த மேட்ரிக்ஸ். மூன்றுக்கு மூன்று, ஒன்பது எண்கள். முதல் நிரல் படகின் மூக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும், இரண்டாவது நிரல் அதன் விலா எந்தப் பக்கம், மூன்றாவது தலை எந்தப் பக்கம். மூன்றும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றின் நீளமும் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும். அலையில் படகு துளி சாய்ந்தால் அந்தச் சாய்வுக்கு ஒரு குட்டி மேட்ரிக்ஸ். இருப்பதை அதோடு பெருக்கினால் புது நிலை கிடைக்கும். விநாடிக்கு அறுபது தடவை இப்படிப் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் குட்டி மேட்ரிக்ஸில் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். கோணம் மிகச் சின்னதாக இருக்கும்போது அதன் கொசைன் ஒன்றைவிட ஒரு மயிரிழைதான் குறைவு. மயிரிழைதானே என்று நான் ஒன்று என்றே எழுதிவிட்டேன். கணக்கு வேகமாக ஓடும், மலிவான போன் சூடாகாது. மெதுவான இயந்திரங்களில் வேலை பார்த்த காலத்திலிருந்து எனக்குக் கைவந்த வித்தை அது. விட்டுவிட்ட மயிரிழை ஒவ்வொரு பெருக்கலிலும் சேர்ந்துகொண்டே போகும், நீளம் ஒன்றைத் தாண்டிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒன்பது எண்களையும் மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவரும் ஒரு துப்புரவு வேலையும் எழுதி வைத்திருந்தேன். படகு ஒவ்வொரு முறை கரையிலிருந்து கிளம்பும்போதும் அது ஒரு தடவை ஓடும். நடுவில் ஓடாது. எதற்கு ஓட வேண்டும்? இரண்டு மூன்று நிமிடத்தில் எப்படியும் கவிழ்ந்துவிடுவார்கள், அல்லது திரும்பி வந்துவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

இது நம் தொழிலுக்கே உரிய கண் மறைப்பு. நாம் யாரும் விளையாட்டை விளையாடுவதே இல்லை. ஒரு வரியை மாற்றுகிறோம், ஓட்டுகிறோம், அரை நிமிடம் பார்க்கிறோம், நிறுத்துகிறோம், இன்னொரு வரியை மாற்றுகிறோம். ஒரு நாளைக்கு நூறு தடவை படகைக் கிளப்பியிருப்பேன். ஒரு தடவைகூட அதைக் கடலில் நிம்மதியாக நிற்க விட்டதில்லை.

நிற்க விட்டவள் நஸ்ரின். விளையாட்டை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே டெஸ்டர். குரோம்பேட்டைப் பெண், கணிதம் படித்தவள், முதல் வேலை. வீட்டில் எல்லோரும் பி.எட். படித்து டீச்சர் ஆகச் சொன்னபோது, இல்லை, விளையாட்டு செய்கிற இடத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வந்தவள். ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிந்து வேலை உறுதியாகவில்லை என்றால் ‘நாங்கதான் அப்பவே சொன்னோமே’ என்று சொல்ல வீட்டில் நான்கு பேர் காத்திருந்தார்கள். இதையெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். அப்போது எனக்கு அவள் வெறும் அமைதியான பெண்.

அவள் சேர்ந்த முதல் மாதம் இரண்டு தடவை அவளைத் தேடிப் போனேன், இரண்டு தடவையும் இருக்கை காலி. மூன்றாவது தடவை எல்லோரும் இருக்கும்போது, “என்னம்மா, எப்ப பாத்தாலும் சீட்ல ஆளையே காணோம்? காத்து வாங்கப் போயிடறியா?” என்றேன். கிண்டல்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் எழுந்து போய் நான் பார்க்கவில்லை. மத்தியானம் நாங்கள் எல்லோரும் பின் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அவள் இருக்கையிலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பெண் பொறுப்பாகிவிட்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாவது மாதம் அவளிடமிருந்து ஒரு பிழை அறிக்கை வந்தது. தலைப்பு, ‘படகு குண்டாயிடுது’. அலையைத் தாண்டிப் போய் நங்கூரம் போட்டால், கொஞ்ச நேரம் கழித்துப் படகு அகலமாகவும் உயரமாகவும் ஆகிவிடுகிறது, நீளம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். நான் படகை ஓட்டிப் போய் நங்கூரம் போட்டு இரண்டு நிமிடம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ‘மீண்டும் வரவில்லை’ என்று போட்டு அறிக்கையை மூடினேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அதே தலைப்பு. இந்தத் தடவை படமும் வைத்திருந்தாள். படத்தில் படகு குண்டாகத்தான் இருந்தது. கேமரா கிட்டே போயிருக்கும் என்று நினைத்தேன். கேமரா கிட்டே போனால் நீளமும் சேர்ந்துதானே பெரிதாகத் தெரிய வேண்டும்? அந்த ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. மூடினேன். மூன்றாவது அறிக்கையைப் படிக்காமலே மூடினேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் முதலாளி கேட்டார். “மேடம், இந்தப் படகு பக் ஒண்ணு திரும்பத் திரும்ப வருதே, என்ன அது?”

“என் மேட்ரிக்ஸ்ல ஒரு தப்பும் இல்ல சார். முதல்ல ரிப்போர்ட் எழுதக் கத்துக்கணும். ‘கொஞ்ச நேரம்’னா எவ்ளோ நேரம்? இது என்ன சமையல் குறிப்பா, பொன்னிறமா வர்ற வரைக்கும் வதக்கறதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரினும் குனிந்துகொண்டு சிரித்தாள். முதலாளி எதையோ குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்து போகும்போது என்னிடம் மெதுவாக, “புதன்கிழமை நாலு மணிக்கு அந்தப் பொண்ணோட ப்ரொபேஷன் பேசணும். நீங்களும் இருங்க. ஒரே பக்கை மூணு தடவை போட்டு மூணும் நிக்கலன்னா எப்படி மேடம்?” என்றார். நான் தலையாட்டினேன். அவள் வேலை போகப்போகிறது என்பது எனக்குப் புரிந்தது. பாவம்தான், என்ன பண்ணுவது என்றுகூட நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. எடுக்கத் திரும்பினேன். மணி ஒன்றரை இருக்கும். கூடத்தில் யாரும் இல்லை. நஸ்ரினின் இருக்கையும் காலி. அவளுடைய டிபன் பாக்ஸில் டெஸ்டிங் போன் சாய்த்து வைத்திருந்தது. திரையில் கடல். நடுவில் என் படகு. இரண்டு மடங்கு அகலத்தில், இரண்டு மடங்கு உயரத்தில், பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருந்தது.

 கண்ணாடி போடாமலே தெரிந்தது. உருளும்போது படகு தன் நீளத்தை அச்சாக வைத்துத்தான் உருள்கிறது. அதனால் நீளம் மாறாது, மற்ற இரண்டும்தான் வளரும். அந்தப் பெண் தன் முதல் அறிக்கையிலேயே இதை எழுதியிருந்தாள். வியாதியின் பெயரைத் தவிர எல்லா அறிகுறியும் அதில் இருந்தது.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. நஸ்ரின் இறங்கி வந்தாள். முகத்தில் ஈரம், கையில் மடித்த ஒரு சின்னப் பாய். என்னைப் பார்த்ததும் பாயை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“சாரி மேடம். டீ குடிக்கப் போயிருந்தேன். அஞ்சு நிமிஷம்தான்.”

“டீக்கடை கீழ இருக்கு. நீ மாடிலேர்ந்து இறங்கி வர்ற.”

அவள் கண் கலங்கிவிட்டது. “தொழப் போனேன் மேடம். மேல தண்ணி டேங்க் பக்கத்துல. மத்தியானத் தொழுகை, லுஹர் ஒண்ணுதான் இங்க. லஞ்ச் டைம்ல மட்டும்தான் போறேன், சத்தியமா வேலை நேரத்துல போறதில்ல.”

“இதை ஓடவிட்டுட்டா போன?”

“நிறுத்திட்டா மறுபடி அலையத் தாண்டணுமே மேடம். எனக்குப் பத்து தடவை கவுந்தாதான் ஒரு தடவை தாண்டும். அதான் நங்கூரம் போட்டுட்டுப் போயிடுவேன். வந்து பாத்தா குண்டாயிருக்கும்.”

“எவ்ளோ நேரம் ஆகும் உனக்கு?”

“கை கால் முகம் கழுவி ஒளு செஞ்சு, தொழுதுட்டு வர… இருபது நிமிஷம்.”

“இத்தனை நாள் அத ஏம்மா எழுதல? ‘கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்’னு எழுதினியே, இருபது நிமிஷம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா…”

அவள் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இருபது நிமிஷம் நான் சீட்ல இல்லன்னு நானே எப்படி மேடம் எழுதறது? அன்னிக்கு நீங்க எல்லார் முன்னாடியும் கேட்டீங்கல்ல.”

நான் கேட்டது எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் நாலைந்து மாதமாக அதைச் சுமந்துகொண்டு, மொட்டை வெயிலில் டேங்க் நிழலில் போய் நின்றிருக்கிறாள். என்னைப் போல் வெட்கம் கெட்டவள் உண்டா என்று இருந்தது. அவள் தோளைத் தொட்டு, “போய் சாப்பிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். என் சாப்பாடு பின் அறையில் அப்படியே கிடந்தது.

சரிசெய்ய ஒரு வரி போதும். துப்புரவு வேலையைக் கரையில் ஒரு தடவை என்பதிலிருந்து எடுத்து, ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு தடவை என்று வைத்தேன். போன் சூடாகவும் இல்லை. இத்தனை பயமும் வீண் பயம். படகை இருபத்தைந்து நிமிடம் நிற்க விட்டேன், ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை. மணி இரண்டரை.

மாற்றத்தைச் சேர்க்கும்போது என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும் அல்லவா? ‘சின்ன சீரமைப்பு’ என்று எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதினேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. படகு இனி குண்டாகாது. நாலு மணிக்கு அந்தப் பெண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம், கெட்டிக்காரிதான், இன்னும் மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லலாம். இத்தனை வருடம் ‘ஸ்டெல்லா மேடம் கணக்கு தப்பாது’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், சமையல் குறிப்பு என்று நான் சிரிக்க வைத்த அதே ஆட்கள் முன்னால், அந்தப் பெயரை எதற்கு நானே கெடுத்துக்கொள்ள வேண்டும்? மனசு இப்படி வக்காலத்து வாங்கிக்கொண்டே இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது.

அப்போது நஸ்ரின் வந்து நின்றாள்.

“மேடம், நாலு மணிக்கு முன்னாடி அந்த மூணு ரிப்போர்ட்டையும் நானே வாபஸ் வாங்கிக்கட்டுமா? தப்பாப் போட்டுட்டேன், இனிமே சரியா எழுதறேன்னு சொன்னா விட்டுருவாங்களா?”

நல்லாக் கேட்டாள் போங்கள்! சரியாக எழுதியவள் தப்பு என்று சொல்லப் போகிறாள், தப்புப் பண்ணியவள் உட்கார்ந்து ‘சின்ன சீரமைப்பு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“அதுல ஒரு எழுத்த அழிச்சே, பாத்துக்கோ!” என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் மிரண்டு போய்விட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ எழுதினதுதான் சரி. நான்தான் தப்பு. நாலு மணிக்கு நீ ஒண்ணும் பேசாத. நீ எங்க போனன்னும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் போனை மட்டும் குடு” என்றேன். அதில் நான் இன்னும் சரிசெய்யாத பழைய படகுதான் இருந்தது. என் திரையில் இருந்த ‘சின்ன சீரமைப்பு’ குறிப்பை அழித்தேன்.

முதலாளியின் அறைக்குப் போகும்போதே படகைக் கடலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். இரண்டு தடவை கவிழ்ந்தது.  போனை அவர் மேசையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன்.

“என்ன மேடம், மீட்டிங்லயும் படகா?”

“இருக்கட்டும் சார். நிறுத்த மனசு வரல.”

அவர் பத்து நிமிடத்தில் பேசி முடிக்க நினைத்திருந்தார். எனக்கு இருபது தேவைப்பட்டது. எங்கள் விளையாட்டைக் காட்டப்போகும் அடுத்த வாரக் கண்காட்சியைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பக்கம் மேசை, திரை எவ்வளவு பெரிது, ஃபேன் உண்டா, குடிக்கத் தண்ணீர் யார் கொண்டு வருவது. கோவளத்து மீனவரைப் பற்றிப் பேசினேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நஸ்ரின் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போல் என்னைப் பார்த்தாள். கடைசியில் அவர் பொறுமையிழந்து மூன்று காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“சரிம்மா, நேரா விஷயத்துக்கு வர்றேன். நீங்க நல்ல பொண்ணுதான். ஆனா டெஸ்டிங்னா நாங்க நம்பற மாதிரி இருக்கணும். ஒரே கம்ப்ளெயின்ட் மூணு தடவை, மூணும் ரீப்ரோ ஆகல, திரும்ப வரவே இல்ல. இப்படி இருந்தா கன்ஃபர்ம் பண்றது…” சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டியவர் அப்படியே நின்றார். “என்ன மேடம் இது? படகு இவ்ளோ குண்டாயிருக்கு?”

“உங்க கையில இருக்கற பேப்பர்ல தலைப்பு என்னன்னு படிங்க சார்.”

படித்தார். இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“மூணு தடவை அவ சொல்லிட்டா. மூணு தடவையும் மூடினது நான். தப்பு என் மேட்ரிக்ஸ்ல. பதினஞ்சு இருபது நிமிஷம் தொடாம விட்டாதான் தெரியும். நான் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பாக்கவே இல்ல. அன்னிக்கு மீட்டிங்ல எல்லாரையும் சிரிக்க வெச்சேன் பாருங்க, அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியது.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கடவுளே. அடுத்த வாரம் அந்தப் பெரிய ஸ்க்ரீன்ல இது நாள் முழுக்க நின்னு ஆடப்போகுது மேடம். மத்தியானத்துக்குள்ள ஸ்க்ரீனை விட்டு வெளிய வந்திருக்கும்.” அப்புறம் நஸ்ரினைப் பார்த்து, இயல்பாகத்தான் கேட்டார். “ஆமா, இருபது நிமிஷம் யாரும்மா ஒரு கேமைத் தொடாம விடுவாங்க? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

 நான் அவசரமாக, “சார்ஜர் தேடப் போயிருப்பா சார்” என்று ஆரம்பித்தேன்.

“இல்ல சார்,” என்றாள் நஸ்ரின். “தொழப் போனேன். தினம் போறேன். லஞ்ச் டைம்ல. மாடில.”

 தலை குனியவில்லை.

“மாடிலயா? இந்த வெயில்லயா?” அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. “இத ஏம்மா மறைக்கணும்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“நான்தான் சார் சொன்னேன்” என்றேன். சொன்னது என்ன என்பதையும் சொன்னேன்.  அவர் அந்த மூன்று காகிதங்களையும் அடுக்கி நஸ்ரினிடம் கொடுத்தார். “கன்ஃபர்ம்மா. வீட்ல சொல்லுங்க” என்றார். பிறகு என்னிடம், “பின்னாடி ஸ்டோர் ரூம்ல பழைய மானிட்டர் அட்டைப்பெட்டியா கிடக்கு மேடம். அத எடுத்துட்டா ஒரு ஆள் நிக்க தாராளமா எடம் இருக்கு” என்றார். அன்று சாயங்காலமே நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனை பெட்டியையும் காலி பண்ணினேன். மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாற்றத்துக்கான குறிப்பில் பிறகு எழுதியது இது: ‘நஸ்ரின் மூன்று முறை சொன்ன பிழை. என் தவறு. ஸ்டெல்லா.’ அதை இன்றும் நீங்கள் பார்க்கலாம். நான் மூடிய மூன்று ‘மீண்டும் வரவில்லை’யும் அங்கேயே இருக்கின்றன. இடத்தை அடைக்கிறது என்று யாராவது அழிக்க வந்தால் விடாதீர்கள்.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது அதிகம் இல்லை. ஒன்பது எண்களை அவ்வப்போது ஒழுங்குபடுத்துங்கள், அதற்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரு பிழையை மூடுவதற்கு முன்னால் அதை எழுதிய ஆளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ‘அப்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்’ என்று கேளுங்கள். கேட்டால் பயப்படாமல் பதில் சொல்கிற மாதிரி அதற்கு முன்பே நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தக் கோவளத்து மனிதர் சும்மா நிற்கும்போதுதான் பேஜார் என்று எனக்கு முகத்துக்கு நேராகச் சொன்னார். எழுதிக்கொண்டேனே தவிர நின்று பார்க்கவில்லை.

கண்காட்சியில் படகு நாள் முழுக்க ஒல்லியாகவே நின்று ஆடியது. அது முடிந்த மறுவாரம் டெஸ்டிங் பட்டியலைப் புதிதாக எழுதினோம். ஏழாவது வரியை நான் எழுதினேன். எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கட்டமும் போட்டிருந்தேன்: ‘எழுந்து போன காரணம்’. தொழுகை, டீ, போன் பேச, இப்படி ஏதாவது எழுதிக்கொள்ளட்டும், இனி யாரும் மறைக்க வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு. அதை நஸ்ரினிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவள் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அன்றுதான் முதல் தடவையாக என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

“இது வேணாம்க்கா. யார் எங்க போனாங்கன்னு தெரிஞ்சு படகுக்கு என்ன ஆகணும்? எழுந்து போனா போதும்.”